நாலு கால் சிலந்தி

சென்ற திங்கள் கூடிய நம் மன்றச் செயற்குழு ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் சிறுவர் சிறுமியர் 'போக்கிமான்' சீட்டுகளைக் கொண்டுவரலாகாது, கொண்டுவந்தால் வாயிலில் உள்ள அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வர வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். இதுவே தீர்மானம். ஆறு பேர் ஆதரித்தனர். ஒருவர் நடுநிலை வகித்தார். நான் செயற்குழுவில் இல்லை. வகுப்பு நடத்துவோருள் ஒருத்தி மட்டுமே. ஆகவே பேச இடமில்லாத இடத்தில் பேசாமலிருந்துவிட்டு, எழுத இடமுள்ள இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். நம் இதழாசிரியர் இதை வெளியிடுவாரானால் அது அவருடைய பெருந்தன்மை; ஆதரித்த அறுவருள் அவரும் ஒருவர்.

தீர்மானத்துக்குப் பாதி வலிமை தந்தது 'சீட்டு' என்னும் சொல்லே என்று ஐயுறுகிறேன். சீட்டு என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது திண்ணையில் விரித்த துண்டும், அதன்மேல் வந்து விழும் ராஜா ராணியும், அடகுக்குப் போன அண்டாவும். சீட்டாடிக் கெட்டவர் ஒருவரேனும் இல்லாத தெரு நம் ஊர்ப்பக்கம் உண்டோ? அந்த அச்சத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் இந்தச் சீட்டு அந்தச் சீட்டன்று. சிறுவர்கள் இதைச் சீட்டு என்று சொல்வதும் இல்லை. 'கார்டு' என்றே சொல்கிறார்கள். நானும் இனி அவ்வாறே எழுதுகிறேன். ஒரு பொருளைக் குறை கூறுமுன், அதைக் கையில் வைத்திருப்பவன் சொல்லும் பெயரால் அதைச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

போக்கிமான் 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கையடக்கக் கருவியில் ஆடும் விளையாட்டாகப் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே கார்டு விளையாட்டாகவும் வெளிவந்தது. கார்டுக்கு ஒரு கற்பனை உயிர். அதன் படம், அதன் உயிர்ப்புள்ளி, அது தாக்கும் முறை. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் இருக்கின்றன. இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கு 60 கார்டு கொண்ட கட்டுடன் ஆடுவர். அடிப்படை ஆற்றல் கார்டுகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள கார்டு ஒரு கட்டில் நாலுக்கு மேல் இருக்கலாகாது. ஒவ்வொருவர் முன்னும் ஆறு பரிசுக் கார்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். எதிரியின் உயிரை வீழ்த்துந்தோறும் அவற்றில் ஒன்றை எடுக்கலாம். வீழ்ந்தது பேருருவாயின் இரண்டு. ஆறையும் முதலில் எடுத்தவர் பெரும்பாலும் வென்றவர் ஆவார். விதிகள் இன்னும் பல உண்டு. நமக்கு இவ்வளவு போதும்.

அவ்வுயிர்களுள் ஒன்றன் பெயர் ஜோல்டிக். 2010-இல் பிறந்தது. மஞ்சள் மயிர் மூடிய உருண்டை உடல், நீலக் கண்கள் நாலு, கால்களும் நாலு. உயரம் பத்து சென்டிமீட்டர். வலையில் காத்திருக்கும் வழக்கம் இதற்கு இல்லை. பெரிய உயிர்களின் மேல் தொற்றிக்கொண்டு, அவற்றின் உடலில் தேங்கும் நிலைமின்சாரத்தை உறிஞ்சிச் சேமித்து வைக்கும். நகரத்தில் வாழ்பவை வீட்டுச் சுவரில் உள்ள மின்செருகு துளைகளில் வாய் வைத்தே மின்சாரம் குடிக்கக் கற்றுவிட்டனவாம். நம் விடுதியில் எத்தனையோ பேர் மின்னடுப்பை ஒளித்துவைத்து அதே தொழிலைச் செய்கிறோம். ஆகையால் அதனிடம் எனக்கு ஓர் இன உணர்வே உண்டு.

நம் வகுப்புக்கு வரும் பத்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் இருக்கும் ஒரே கார்டு இந்த ஜோல்டிக்தான். அவன் தாய் சமையல் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை, தன்னிடம் இரண்டு இருந்ததால் ஒன்றை இவனுக்குக் கொடுத்தான். 60 கார்டு இல்லாமல் ஆட முடியாது. ஆகவே இவன் இன்றுவரை ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. கார்டைத் தமிழ்ப் புத்தகத்தின் நடுவில் வைத்துக்கொண்டு வருவான். படிக்கும்போது பக்க அடையாளமாக அதுவே பயன்படும். தீர்மானத்தின்படி அந்த ஒற்றைக் கார்டும் பெட்டிக்குள் போக வேண்டியதாயிற்று. அதன்பின் இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. காரணம் இதுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். அவன் தங்கைக்குக் காய்ச்சல் என்றும் கேள்வி.

இனித் தீர்மானத்தின் காரணங்களுக்கு வருகிறேன். வேதியியல் பயிலும் நண்பர் ஒருவர் வலுவாகப் பேசினாராம்: "சிலந்திக்கு நாலு கால் என்று படம் போட்டுக் குழந்தைகளிடம் கொடுக்கிறான். நாம் இங்கே உண்மையைக் கற்பிக்க வேண்டும்; அவன் பொய்யைக் கற்பிக்கிறான்." கைதட்டல் எழுந்ததாகவும் கேள்விப்பட்டேன். நான் விலங்கியல் முதுகலை இரண்டாமாண்டு மாணவி. இந்த வாதம் முதலில் உறுத்த வேண்டியது எனக்கு. ஆயினும் உறுத்தவில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

அந்தச் சிறுவன் கார்டை முதன்முதல் என்னிடம் காட்டியபோது கேட்ட கேள்வி இது: "அக்கா, இது எட்டுக்கால் பூச்சின்னா மிச்சம் நாலு கால் எங்கே?" நம் மொழி அந்த உயிருக்கு இட்ட பெயரிலேயே கால்களை எண்ணி வைத்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளையை ஒரு நாலு கால் படம் ஏமாற்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பாடப்புத்தகத்தில் எட்டுக் காலும் சரியாகப் போட்ட படம் இருக்கிறது. அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. தவறான படம் கேள்வியை எழுப்பிற்று. சரியான படம் உறக்கத்தை எழுப்பிற்று.

கேள்வி அதோடு நிற்கவும் இல்லை. எட்டுக்கால் 'பூச்சி' என்ற நம் பெயரிலும் ஒரு பிழை உண்டே! பூச்சிக்கு ஆறு கால், உணர்கொம்பு இரண்டு, உடல் மூன்று பகுதி. சிலந்திக்கு உடல் இரண்டே பகுதி, கொம்பில்லை, சிறகு ஒருபோதும் இல்லை. போக்கிமான்காரரும் சிலந்தியைப் பூச்சி இனத்தில்தான் அடைத்திருக்கிறார்கள். நம் பாட்டியும் அவ்வாறே அடைத்தாள். அப்படியானால் சிலந்திக்கு உறவு யார்? தேள், உண்ணி ஆகியவை. உண்ணி என்றதும் அவன் கண் விரிந்தது. மாட்டின் காதுமடலில் ஒட்டியிருக்கும் உண்ணியை ஊருக்குப் போனபோது பார்த்திருக்கிறான். "அப்போ இது கரண்டு உண்ணி அக்கா" என்றான். ஜோல்டிக்கின் உருவம் பாதி சிலந்தி, பாதி உண்ணி; அதன் ஆங்கிலப் பெயரின் வாலில்கூட உண்ணியைக் குறிக்கும் சொல்லே ஒளிந்திருக்கிறது. அதைப் பையன் அறியான். தொற்றிக்கொண்டு உறிஞ்சும் அதன் செயலைக் கேட்ட அளவில், நம் மொழியிலிருந்து சரியான சொல்லைத் தானே எடுத்துவிட்டான். நான் அதைக் கரும்பலகையில் 'மின்னுண்ணி' என்று எழுதினேன். 'ன்' இரட்டித்து வருவது ஏன் என்று இன்னொரு பெண் கேட்டாள். புணர்ச்சி விதி பற்றிய கேள்வி அந்த வகுப்பில் தானாக எழுந்தது அன்றுதான். தமிழ் வகுப்பின் நேரத்தை இந்தக் கார்டுகள் கெடுக்கின்றன என்பது தீர்மானத்தின் இரண்டாவது காரணம்!

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்டு உலகின் மிகச் சிறிய உயிர்களில் ஒன்று ஜோல்டிக். ஆனால் பத்து சென்டிமீட்டர் உடலும் 600 கிராம் எடையும் உள்ள சிலந்தி இவ்வுலகில் இல்லை. தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் கோலியாத் சிலந்தியே எடையில் எல்லாவற்றுக்கும் பெரியது. அதுவும் ஏறத்தாழ 170 கிராம்தான். மறுகோடியில், கொலம்பியாவில் வாழும் ஒரு சிலந்தியின் ஆண், அரை மில்லிமீட்டர்கூட இராது. கற்பனைக்காரன் 'மிகச் சிறியது' என்று வரைந்ததைவிட இயற்கை எத்தனையோ மடங்கு சிறிதாக்கிக் காட்டியிருக்கிறது. 2022-இல் அறிஞர் பெயரிட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டின. ஆயிரம் போக்கிமானைக் கண்டு வியக்கும் பிள்ளையிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். பேராசையோடு கேட்பான்: "அதுக்கெல்லாம் கார்டு இருக்கா?"

இனி மின்சாரம். சிலந்திக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு, இது வெறும் கட்டுக்கதைதானே என்பார் உளர். கட்டுக்கதைதான். ஆனால் அதன் பக்கத்திலேயே நடந்த உண்மைக் கதை இரண்டு உண்டு. அவற்றை நம் ஞாயிறு வகுப்பில் நான் சொல்ல நேர்ந்தது இந்தக் கார்டினால்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் விக்டர் ஒர்ட்டேகா ஹிமெனஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருந்தார். அவருடைய ஆராய்ச்சி தேன்சிட்டை ஒத்த ஹம்மிங் பறவைகளின் பறத்தலைப் பற்றியது. சிலந்தி அவர் துறையன்று. ஒருநாள் அவர் தம் சிறு மகளோடு அவளுடைய 'மந்திரக்கோலை' வைத்து விளையாடிக்கொண்டிருந்தார். நிலைமின்சாரத்தை உண்டாக்கும் விளையாட்டுப் பொருள் அது. கோலை நோக்கிச் சிலந்தி வலை இழுபடுவதை அவர் கண்டார். மற்றவராயின் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அவரோ ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பறக்கும் பூச்சிகள் காற்றில் உராய்ந்து நேர்மின்னேற்றம் பெறுகின்றன. அப்படி மின்னேற்றம் பெற்ற பூச்சியை வலையின் அருகே விழவிட்டால், வலையின் இழைகள் அதை நோக்கி வளைகின்றன! பூச்சி வந்து மோதுவதற்கு முன்பே வலை ஓரடி முன்வந்து வரவேற்கிறது எனலாம். அந்த ஓரடி கண்ணுக்குத் தெரியாத சிற்றடி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ராபர்ட் டட்லியுடன் சேர்ந்து இதை 2013-இல் வெளியிட்டார்.

மற்றொன்று இங்கிலாந்தில் நடந்தது. சின்னஞ்சிறு சிலந்திகள் உயரமான புல் நுனியிலோ கிளை நுனியிலோ ஏறி, கால்களை ஊன்றி, வயிற்றுப்புறத்தை மேலே தூக்கி, காற்றில் இழைகளை விட்டு, அவ்விழைகளோடு தாமும் மேலெழுந்து பறந்துவிடும். 1832-இல் டார்வின் சென்ற 'பீகிள்' கப்பல் தென் அமெரிக்கக் கரையிலிருந்து அறுபது மைல் தொலைவில் இருந்தபோது, கப்பற் கயிறுகள்மீது ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகள் வந்து இறங்கியதை அவர் எழுதி வைத்தார். காற்றின் வேலை இது என்றே நெடுங்காலம் பெரும்பாலோர் கொண்டனர். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் எரிக்கா மோர்லியும் டேனியல் ராபர்ட்டும் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், காற்றே அசையாத பெட்டிக்குள் சிலந்திகளை வைத்து மின்புலத்தை மட்டும் உண்டாக்கினர். சிலந்திகள் நுனிக்காலில் நின்றன, இழை விட்டன, சில மேலெழுந்தன. மின்புலத்தை நிறுத்தியதும் எழுந்தவை கீழிறங்கின. வானம் தெளிந்த நாளிலும் நிலத்தின் மேலே மீட்டருக்கு நூறு வோல்ட் அளவில் மின்புலம் உண்டு. மேகம் திரண்ட நாளில் பன்மடங்கு ஏறும். சிலந்தியின் காலில் உள்ள நுண்மயிர்கள் அதை உணர்கின்றன. காற்றின் பங்கு இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. காற்றில்லாமலும் எழ முடியும் என்று காட்டினார்கள்.

இவற்றைக் கார்டு வரைந்தவன் 2010-இலேயே அறிந்திருந்தான் என்று கயிறு திரிக்க நான் வரவில்லை. அவன் வேடிக்கைக்கு வரைந்தான். என் வழக்கு வேறு. பெர்க்லி ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டியது மகளின் விளையாட்டுப் பொருள். அந்த வீட்டின் வாயிலில் அட்டைப் பெட்டி ஒன்று வைத்து, 'மந்திரம் மாயம் எல்லாம் பொய். கோலை இதில் போட்டுவிட்டு வா' என்று யாரேனும் சொல்லியிருந்தால்?

சென்ற சனவரியில் ஒரு ஞாயிறன்று பிள்ளைகளை வகுப்பின் வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனேன். தில்லிக் குளிரின் வறண்ட காற்றில் கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குழாயின் பின்னே பழைய வலை ஒன்று தொங்கிற்று. பிளாஸ்டிக் சீப்பை ஒரு பெண்ணின் எண்ணெய் வைக்காத தலையில் பத்து முறை இழுத்து, வலையின் அறுந்த இழை ஒன்றன் அருகே கொண்டுபோனோம். இழை எழுந்து சீப்பை நோக்கி வந்தது. மூச்சுக் காற்று பட்டு அசைகிறதோ என்று ஒருவன் ஐயுற்றான். எல்லோரும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு மறுபடி செய்தோம். பிறகு தேய்க்காத சீப்பைக் காட்டினோம், இழை வரவில்லை. கட்டுப்பாட்டுச் சோதனை என்பதை நான் இளங்கலை இரண்டாம் ஆண்டில்தான் விளங்கிக்கொண்டேன். இவர்களுக்கு ஒன்பதும் பத்தும் வயது. சுவர் மூலையில் குந்தியிருந்த வீட்டுக்காரியைக் காட்டி, "இது கடிக்குமா அக்கா?" என்றான் நம் கார்டுக்காரன். "நீ அதைப் பிடிச்சு நசுக்கினாத்தான் கடிக்கப் பார்க்கும், சும்மா பாரு" என்றேன். அதற்குமுன் சிலந்தியைக் கண்டால் செருப்பைத் தேடும் பையன் அவன். உடம்பில் ஊர்ந்தால் கொப்புளம் வரும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

கார்டின் விளையாட்டிலும் பார்க்கத்தக்க ஒன்று இருக்கிறது. விடுதியில் என் பக்கத்து அறைத் தோழி மணிப்பூரைச் சேர்ந்தவள். பள்ளி நாளிலிருந்து ஆடுகிறவள். அவளிடம் 2014-இல் வெளிவந்த ஜோல்டிக் கார்டு நாலும் உண்டு. உயிர்ப்புள்ளி முப்பதே முப்பது. எதிரி தும்மினால் சாகும். ஆனால் அதன் தாக்குதலுக்கு 'இரவு அணிவகுப்பு' என்று பெயர். கழித்த கார்டுகளின் குவியலில், அதே தாக்குதலை உடைய உயிர்கள் எத்தனை கிடக்கின்றனவோ, அத்தனை இருபது புள்ளி எதிரிக்கு அடி. அத்தாக்குதல் உடையவை மூன்று இனங்கள். இனத்துக்கு நாலாகப் பன்னிரண்டு கார்டுகள். ஒன்று களத்தில் நிற்க, மற்றப் பதினொன்றும் குவியலில் கிடந்தால் 220 புள்ளி. அக்காலத்துப் பேருருவங்களுக்குப் பெரும்பாலும் 170, 180 புள்ளிதான் உயிர். ஒன்பது பேர் விழுந்துவிட்டால் பத்தாவது ஆள், முப்பது புள்ளிக்காரன், 180 புள்ளிக்காரனை ஒரே அடியில் சாய்த்துவிடுவான்! சாய்ந்தால் இரண்டு பரிசு. பதிலுக்கு எதிரி ஜோல்டிக்கைக் கொன்றால் கிடைப்பது ஒன்று. கொல்லப்பட்டதும் குவியலில் சேர்ந்து அடுத்தவனின் அடியை இருபது கூட்டும். 2015, 2016 ஆண்டுகளின் போட்டிகளில் பலரும் அஞ்சிய கட்டுகளுள் இது ஒன்று. விழுந்த உயிர்களையெல்லாம் குவியலிலிருந்து மீண்டும் கட்டுக்குள் அனுப்பும் 'காரென்' என்னும் கார்டு 2016-இல் வந்த பிறகே எதிரிகள் சற்று மூச்சுவிட்டனர். சிலந்தி யானையை மாய்த்த திருவானைக்காக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் பெருக்கல் வாய்ப்பாட்டோடு சொன்னவன் இவன்.

சிறுவனிடம் உள்ளது 2024-இன் ஜோல்டிக். அது யாரையும் அடிப்பதே இல்லை. கட்டிலிருந்து புல் ஆற்றல் இரண்டு, மின் ஆற்றல் இரண்டு வரை தேடி எடுத்துத் தன் பக்கத்து உயிர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அவ்வளவே அதன் வேலை. எல்லோரிடமும் உறிஞ்சுவது கொடுக்கவும் செய்கிறதே என்று அவனுக்கு ஒரு குழப்பம். அதற்கு என்னிடம் விடை இல்லை. என் தோழியிடமும் இல்லை.

கற்பனை உயிர்களைக் கற்றால் உண்மை உயிர்களை மறப்பர் என்பது மற்றொரு வாதம். இதற்குச் சான்று இருப்பதாகவும் ஒரு நண்பர் சொன்னார், உண்டுதான். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் உடன் மூவரும் 2002-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் 109 பேரிடம் உள்ளூர் உயிர்களின் படங்களையும் போக்கிமான் படங்களையும் காட்டிப் பெயர் கேட்டனர். நாலு வயதில் உண்மை உயிர்களில் நூற்றுக்கு 32-ஐச் சொன்னார்கள். எட்டு வயதில் 53. போக்கிமானிலோ நாலு வயதில் 7. எட்டு வயதில் 78! நம் நண்பர் இந்த எண்களைக் கண்டு அழுகிறார். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். 7-லிருந்து 78-க்கு நாலே ஆண்டில் ஏறும் மூளை அது. பெயர், உருவம், உறவு, குணம் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கும் பசி அது. அந்தப் பசிக்குப் போக்கிமான்காரன் இலை போட்டுப் பரிமாறினான். ஓக் மரத்தையும் வளைக்கரடியையும் பரிமாற வேண்டியவர்கள் பரிமாறவில்லை. அக்கட்டுரையை எழுதியவர்களும் பழித்தது கார்டையன்று. இயற்கையைக் காக்க விரும்புவோர் போக்கிமானிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதே அவர்கள் தலைப்பு.

இவ்விளையாட்டு பிறந்த கதையும் இதற்கு மாறானதன்று. இதை உண்டாக்கிய சதோஷி தஜிரி தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர்; சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் பித்து; உடன் படித்தவர் 'டாக்டர் பூச்சி' என்றே அழைத்தனராம். நகரம் பரந்து குளமும் வயலும் கட்டடங்களின் அடியில் போயின. பூச்சி தேடி அலைந்த அந்த இன்பத்தைப் பின்வந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே இதைச் செய்ததாக அவர் சொல்லியிருக்கிறார். நம் பையன் வாழும் குடியிருப்பில் குளம் இல்லை, வயல் இல்லை, சிலந்தி மட்டும் இருக்கிறது. சிலந்தி எங்கும் வந்துவிடும்.

தீர்மானத்தின் காரணங்களுள் ஒன்றை மட்டும் நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். இந்தக் கார்டுகளை மூடிய உறையில் விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது கிழித்த பிறகே தெரியும். அரிய கார்டு வரும் வரும் என்று ஆசை காட்டி, உறைமேல் உறை வாங்கச் செய்வது குழந்தையின் கையில் குலுக்கல் சீட்டைக் கொடுப்பதற்கு மிக அருகில் வருகிறது. அப்பா இராப்பகலாய் உழைத்துக் கொண்டுவரும் காசு அதில் போகலாகாது. நம் வகுப்பில் விற்பதும் வாங்குவதும் பந்தயம் வைப்பதும் கூடாது என்று விதி செய்யுங்கள். முதற் கையெழுத்து என்னுடையது. ஆனால் செய்த விதி அதுவன்று. வாங்குவதை விட்டுவிட்டுப் பார்ப்பதைத் தடுத்திருக்கிறோம். நூறு கார்டு வாங்கி வீட்டில் அடுக்கியிருக்கும் பிள்ளைக்கு நம் பெட்டியால் ஒரு நட்டமும் இல்லை. அவன் ஏழு நாளில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் பிரிந்திருப்பான். ஒன்றே ஒன்று வைத்திருப்பவன்தான் அதைப் பெட்டியில் போடும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்.

ஆகவே வரும் பொதுக்குழுவில் நான் ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். வகுப்பறையிலும் வளாகத்திலும் கார்டு விற்றல், வாங்கல், பந்தயம் ஆகியவை கூடா. வகுப்பின் இறுதி அரைமணியில் ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை தன் கார்டில் உள்ள ஓர் உயிரைத் தமிழில் விளக்க வேண்டும். அதற்கு உறவான உண்மை உயிர் ஒன்றை அந்த வாரமே வளாகத்தில் தேடிக் கண்டு அதையும் விளக்க வேண்டும். கார்டு இல்லாத பிள்ளைக்கு வகுப்பிலிருந்தே ஒன்று கொடுக்கலாம். என் தோழி தன்னிடம் மிகுதியாக உள்ளவற்றில் இருபது தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அட்டைப் பெட்டியை எடுத்துவிடலாம். அல்லது அதை வாயிலிலிருந்து உள்ளே கொண்டுவந்து, பிள்ளைகள் பொறுக்கிவரும் சிலந்திச் சட்டை, வண்டின் ஓடு, பறவை இறகு ஆகியவற்றைப் போட்டு வைக்கலாம்.

நம் விதிப்படி திருத்தத்துக்கு முன்மொழிவோர் ஒருவரும் வழிமொழிவோர் ஒருவரும் வேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை. அந்த வேதியியல் நண்பரே முன்வந்தாலும் மகிழ்வேன். மாலை ஆறு மணிக்கு மேல் விலங்கியல் துறை ஆய்வுக்கூடத்தில் இருப்பேன். வரும்போது ஒரு சீப்பு கொண்டுவாருங்கள், ஜன்னல் மூலையில் வலை இருக்கிறது.